அக்கா கண்ணில் எறும்பு

மொட்டை மாடிக்கு ஏறும் படிகள் திரும்புகிற இடத்தில் ஒரு கதவு இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவுவார்கள். உள்ளே இருந்தவள் கண்ணுக்காரி.

செயற்கைக் கண் செய்வது அவள் தொழில். நோயிலோ விபத்திலோ ஒரு கண்ணை இழந்தவர்களுக்கு, மிச்சமிருக்கிற கண்ணைப் பார்த்து அதே போல இன்னொன்று வரைந்து கொடுப்பாள். அதில் பார்வை வராது. எதிரில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான். பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது மட்டுமா, கடையில் அவளைக் கண்டால் தங்கள் பிள்ளைகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டவர்களும் அதே பெரியவர்கள்தான்.

அவள் பார்வை அப்படி. ஐம்பதை நெருங்கிய, ஒடிசலான பெண். யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வதற்கு முன் அவர்கள் கண்ணுக்குள் நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவாள். முகங்களை அடியோடு மறந்துவிடுவாள். பத்து வருடமாகப் பால் போடுகிறவரை வாசலில் நிற்க வைத்து, "யாருங்க?" என்பாள். அவர் நிமிர்ந்து பார்த்ததும், "அட, தேன் கலரு! வாங்க வாங்க" என்பாள்.

இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம். அம்மா பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். அப்பா லாரியோடு வாரத்தில் நான்கு நாள் வெளியூர். பிள்ளைகள் இருவர். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஐந்து. பெரியவளின் இடது கருவிழியில், ஓரமாக, ஒரு கறுப்புப் புள்ளி உண்டு. தூக்கம் வராத மதிய வேளைகளில் சின்னவன் அவள் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, மூக்கோடு மூக்கு உரச அதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"அக்கா, எறும்பு இன்னும் போகல."

"அது அங்கதான்டா குடியிருக்கு."

"என்ன சாப்பிடும்?"

"கண்ணீர்."

"உப்பா இருக்குமே!"

இப்படியே பேசிப் பேசி இருவரும் தூங்கிப்போவார்கள். ஜன்னல் வெளிச்சம் சுவரில் மெதுவாக நகர்ந்து போகும்.

பெரியவளுக்குக் கதை கட்டுவதென்றால் வெல்லம். ஒரு நாள் துணிச்சல் முற்றி, படித் திருப்பத்துக் கதவில் தபால் போடும் இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். அறை முழுக்கப் பால் போல வெளிச்சம். மேஜை மேல் ஒரு தட்டு. தட்டு நிறையக் கண்கள். நீலம், பச்சை, பழுப்பு. எல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. கண்ணுக்காரி ஒரு கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ஊசி முனையால் அதன் மேல் சிவப்பு நூலிழைகளைப் பதித்துக்கொண்டிருந்தாள். கண் வெள்ளையில் ஓடும் நரம்புக்காக ஒட்டுகிற இழை அது. பெரியவளுக்கு அது ரத்தமாகத் தெரிந்தது. அலறியடித்து ஓடி வந்தாலும் மறுநாள் மறுபடி போய்ப் பார்த்தாள். பயமும் ஆசையும் ஒரே இடத்திலிருந்து வருகிறதோ என்னவோ.

மாடியில் அவள் தோழிகளோடு விளையாடும்போதெல்லாம் சின்னவன் வாலைப் போலத் தொங்கிக்கொண்டு வருவான். தொல்லை தாங்காமல் ஒரு நாள் அவனைப் படியிலேயே நிறுத்தினாள். "அந்த அம்மா இருக்காங்கல்ல, இடுக்கு வழியா எட்டிப் பாக்குற பிள்ளைங்க கண்ணைப் புடுங்கித் தட்டுல வச்சுக்குவாங்க. அதுவும் சின்னப் பசங்க கண்ணுதான் புடிக்கும்" என்றாள். தட்டு, ஊசி, ரத்தம் எல்லாவற்றையும் கண் முன்னே நிறுத்திச் சொன்னாள். அன்றிலிருந்து அவன் அவள் பின்னால் மாடிக்கு வரவில்லை. பெரியவளுக்கு நிம்மதி.

அடுத்த கோடைத் தொடக்கத்தில் சின்னவனின் வலது கண்ணுக்குள் ஒரு வெள்ளை மினுமினுப்புத் தெரிந்தது. கட்டி என்றார் டாக்டர். கண்ணை எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தான். அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுததைப் பெரியவள் முதன்முதலாகப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று சின்னவன் அவள் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னான். "நானும் ஒரு தடவை எட்டிப் பாத்துட்டேன்க்கா. அதான்."



பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது. அதற்குள் கண் வைத்துவிடலாம், அளவை மயக்க மருந்து கொடுத்து எடுத்தாகிவிட்டது, நிறம் பார்த்து வரைய வேண்டியதுதான் பாக்கி என்று கண்ணுக்காரியிடம் அனுப்பினார் டாக்டர். சின்னவனோ படித் திருப்பத்தைப் பார்த்ததுமே போட்ட கூச்சலில் கட்டடமே கூடிவிட்டது. இருந்த ஒரு கண்ணையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். அம்மா கெஞ்சினாள், அப்பா அதட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. "அது சும்மா சொன்னதுடா, பொய்!" என்று பெரியவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவன் நம்பவில்லை. முதலில் சொன்னதை அவள் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை அவள் தனியாகப் போய் அந்தக் கதவைத் தட்டினாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"ஓ, இதுதானா விஷயம்? பிள்ளைங்க என் வாசல்ல மட்டும் தடதடன்னு ஓடுதுங்களே, விளையாட்டு போலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் கண்ணுக்காரி. அப்புறம் வெகு நேரம் தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வலித்திருக்கிறது என்பது பெரியவளுக்குப் புரிந்தது.

"போட்டோ பாத்து வரைஞ்சிடுங்களேன், ஆன்ட்டி."

"போட்டோவுல நிறம் பொய் சொல்லும்மா. உயிருள்ள கண்ணை, பகல் வெளிச்சத்துல, ஒரு சாண் தூரத்துல பாக்கணும்." சொல்லிக்கொண்டே வந்தவள் பெரியவளின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். "தம்பிக்கும் இதே கலர்தானா?"

"அச்சு அசல் இதேதான்னு அம்மா சொல்லுவாங்க."

"அப்ப நீ உக்காரு."

நான்கு நாள், காலை வேளை. பத்திலிருந்து பன்னிரண்டு வரை. ஜன்னலோர நாற்காலியில் பெரியவள் அசையாமல் உட்கார்ந்தாள். எந்தப் பார்வைக்குப் பயந்து படிகளைத் தாவினாளோ அந்தப் பார்வை ஒரு சாண் தூரத்தில் நின்று அவளுக்குள் சாவகாசமாக உலாவியது. முதல் நாள் உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது போலிருந்தது. பழுப்பின் மேல் பழுப்பு, அதன் மேல் ஒரு துளி மஞ்சள். தட்டிலிருந்த கண்களெல்லாம் மேகம் பார்க்கிற பிள்ளைகளைப் போலத் தோன்றின. இந்த அறைக்கா பயந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கண் தயாரானதும் கண்ணுக்காரியே அதை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். சின்னவன் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். பெரியவள் தரையில் படுத்து, உள்ளங்கையைக் கட்டிலுக்கடியில் நீட்டினாள். கையில் அந்தக் கண். அவன் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தான்.

வாசலில் நின்ற கண்ணுக்காரி அப்போதுதான் அவன் கண்ணை முதன்முதலாகப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே, இவனுக்குப் புள்ளி இல்லையா! பாத்ததை அப்படியே வரைஞ்சு தொலைச்சிருக்கேன். குடும்மா, அழிச்சு வேற போடுறேன்."

அவள் கை நீட்டுமுன் சின்னவன் பாய்ந்து பிடுங்கிக்கொண்டான். "எறும்பு!"

கண்ணை உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்தான். "அக்கா கண்ணு" என்றான். அப்புறம் தவழ்ந்து வெளியே வந்து, மூக்கோடு மூக்கு உரச அவள் இடது கண்ணைப் பார்த்தான். அங்கேயும் எறும்பு இருந்தது.

"எனக்குக் குடுத்துட்டியா? வலிச்சுதா? உனக்கு மறுபடி முளைச்சிடுச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதை நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"அப்ப எனக்கும் முளைக்குமா, அக்கா?"

பெரியவள் எழுந்து உட்கார்ந்தாள். "இல்லடா. முளைக்காது. என் கண்ணைப் பாத்து அவங்க வரைஞ்சாங்க, அவ்வளவுதான். அவங்க யார் கண்ணையும் எடுத்ததில்ல. நீ எட்டிப் பாத்ததாலயும் போகல. நான்தான் பொய் சொன்னேன்."

இந்த முறை அவன் நம்பினான். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாள்கூட அழாத பிள்ளை, அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். இருந்த கண்ணிலும் இல்லாத கண்ணிலும் நீர் வந்தது. அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். 

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டவன், வாசலில் நின்றவளிடம் கண்ணை நீட்டினான்.

"எறும்பை எடுக்காதீங்க. அப்படியே வைங்க."