மூன்றாவது ஓலை

எனக்கு இரண்டு கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்றாவதை வாசிக்கவில்லை. எங்கள் ஊர் மாதா கோயிலில் அப்படிப் பாதியில் நின்றுபோன முதல் பெண் நான்தானாம். சொல்லிவிட்டுப் போகட்டும். அதற்குக் காரணம் ஒரு வங்கக் கவிஞர் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஐயா, அவர் செத்து எத்தனையோ வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் இருந்தது அவருடைய படம் மட்டும்தான்.

எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டிலிருந்து மணலூர்பேட்டை போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டால் அன்றைக்கே கரும்புக் கொல்லையில் இறங்க வேண்டும். வெட்டிய கரும்பு காய்ந்தால் எடை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் என்றெல்லாம் கரும்புக்குத் தெரியாது. அதனால் அரவைக் காலம் முழுக்க அப்பா பூசைக்கு வரமாட்டார். ஆலைக்குப் பயப்படுகிறவர்கள் ஆண்டவருக்குப் பயப்படுவதில்லை என்று வேதம் சொல்லிக்கொடுக்கிற எங்கள் உபதேசியார் கோயிலிலேயே ஒருமுறை சொன்னார். பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லாத் தலைகளும் அம்மா பக்கம் திரும்பின. அன்று அம்மா தலையில் போட்டிருந்த முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

நான் கள்ளக்குறிச்சியில் கல்லூரி படித்தபோது இலக்கிய மன்ற விழாவுக்காக அந்தக் கவிஞரின் படத்தைப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். நீண்ட தாடி, தோளிலிருந்து கால்வரை தொங்கும் அங்கி. விழா முடிந்ததும் சுருட்டிக் குப்பையில் போடப் போனார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் நின்றபடி, நசுங்காமல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஊர்வரை வந்தேன்.

அவர் பாட்டுகளின் தமிழ் உரைநடையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடவுளைப் பூட்டிய அறைக்குள் தேடாதே, அவர் வெயிலில் பாடுபடுகிறவனோடு புழுதி படிந்து நிற்கிறார் என்கிற மாதிரி ஒரு பகுதி அதில் வரும். அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "இவரு கரும்பு வெட்டி இருக்காரா?" என்றார். இல்லை, ஜமீன் வீட்டுப் பிள்ளை என்றேன். "அப்ப வெட்டுனவன் எவனோ சொல்லியிருக்கான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். மறுவாரம் சங்கராபுரம் போய்ப் படத்துக்குக் கண்ணாடி போட்டு எடுத்துவந்து, இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் அவரே ஆணி அடித்து மாட்டினார்.

கவிஞர் சொன்னதெல்லாம் எனக்கு வேதவாக்கு என்று நினைக்க வேண்டாம். அவர் படகில் உட்கார்ந்து மழையை ரசித்தவர். எங்கள் வீட்டில் மழை என்றால் வேலை நின்றுபோகிற நாள். ஆனால் நான்கு சுவர்ப் பள்ளிக்கூடம் பிடிக்காமல் போனவர், பிறகு மரத்தடியில் தானே ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். வெள்ளைக்காரன் கொடுத்த பட்டத்தை, அவன் சனங்களைச் சுட்டுக் கொன்றபிறகு, உன் பட்டம் எனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்தது. கிடைத்த மரியாதையை வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

படம் மாட்டியதிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரே குழப்பம். எங்கள் தெருக்காரர்கள் வேதத்தில் வருகிற மோசேயா, எலியாஸா என்று கேட்டார்கள். எலியாஸ் என்று முடிவு செய்து ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். சின்னம்மாவுக்கோ சந்தேகமே இல்லை. சின்னம்மா எங்களுக்குச் சொந்தமில்லை, எங்கள் மதமும் இல்லை. கல்வராயன் மலையில் பிறந்து, கரும்பு வெட்டக் கீழே இறங்கியவர், இங்கேயே தங்கிவிட்டார். வெட்டில் அவரும் அம்மாவும் ஜோடி. ஒருவர் வெட்ட, ஒருவர் காய்ந்த தோகையான சோகையைக் கழிப்பார். ஒரு சித்திரையில் அம்மா கொல்லையில் மயங்கி விழுந்தபோது, வண்டி வருகிற ரோடுவரை தோளில் தூக்கிவந்தவர் அவர். அவருடைய மலையில் அருவிக்குப் பக்கத்தில் தாடி வைத்த சித்தர் ஒருவர் இருந்து, காட்டுக்குள் போய்த் திரும்பவே இல்லையாம். அவர்தான் படத்தில் இருக்கிறவராம். நான் எவ்வளவோ விளக்கினேன். "பாட்டு கட்டுனவர்னுதான சொல்ற? எங்க சித்தரும் பாட்டுதான் பாடினு இருந்தாரு" என்று முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் வந்து கண்ணாடிமேல், கவிஞரின் நெற்றிக்கு நேராக, ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் போவார். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

பிறகு எனக்கு மணலூர்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. கள்ளக்குறிச்சியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அதிகம் பேசமாட்டார், பேசினால் முகத்தைப் பார்த்துப் பேசுவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் முறையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பார்கள். முதல் ஓலை நல்லபடியாகப் போனது. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அத்தை எங்கள் வீட்டில் போனில் படம் எடுத்திருந்தார். என் தலைக்குப் பின்னால் கவிஞர், அவர் நெற்றியில் பொட்டு. அந்தப் படம் வாட்சப்பில் எத்தனை வீடு ஏறி இறங்கியதோ, இரண்டாவது ஓலை வாசித்து முடிப்பதற்குள் ஒரு பெரியவர் எழுந்து, அவர்கள் வீட்டில் வேறு சாமி கும்பிடுகிறார்கள் என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் படத்தோடு கோயில் முற்றத்துக்கு வரவேண்டும், விசாரித்துவிட்டுத்தான் மூன்றாவது ஓலை என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு மத்தியானமே மாப்பிள்ளை போன் செய்தார். கல்யாணம் முடிகிறவரை படத்தைப் பரண்மேல் வைத்துவிடுங்கள், பிறகு நம் வீட்டில் நீங்களே மாட்டிக்கொள்ளலாம் என்றார். நியாயமான பேச்சுதான். நான் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தில் கையும் வைத்துவிட்டேன். அப்பா கீழே உட்கார்ந்து வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "எறக்காத. ஆணி நான் அடிச்சது" என்றார். இறங்கிவிட்டேன்.

சனிக்கிழமை முற்றத்தில் சாமியார், உபதேசியார், ஊர்ப் பெரியவர்கள், மாப்பிள்ளை, அவருடைய அம்மா எல்லாரும் இருந்தார்கள். படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்தேன். இவர் யார், என்ன எழுதினார் என்று சொன்னேன். கடவுளைப் பூட்டிய அறைக்குள் தேடாதே என்கிற பகுதியையும் சத்தமாக வாசித்தேன். உபதேசியாருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியென்றால் கோயிலுக்கு வருகிற நாங்களெல்லாம் முட்டாள்களா என்று கேட்டார். அப்பா அதுவரை ஓரமாக நின்றிருந்தார். சாமியாரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஒண்ணு கேக்கறன் சாமி, தப்பா நெனைக்காதீங்க. நாங்க அம்மாம் பேரும் ஞாயித்துக்கெழம வெயில்ல வெந்துகினு கெடக்கறோம். எங்கள வுட்டுட்டு ஆண்டவரு இங்க ஃபேன் கீழ ஒண்டியா குந்தினு இருப்பாருங்களா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சாமியாரும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வெளியூர்க்காரர், சின்ன வயது, நல்லவர். கவிஞர் படம்தானே, இருக்கட்டும், பொட்டை மட்டும் துடைத்துவிடுங்கள், நாளைக்கு ஓலை வாசிக்கிறேன் என்றார். தன் கைக்குட்டையையே எடுத்து நீட்டினார். எல்லாருக்கும் மூச்சு வந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்து, சரி என்பது போல் தலையசைத்தார்.

கைக்குட்டையை வாங்கிவிட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு துடை, அவ்வளவுதான். கண்ணாடிமேல் இருக்கிற பொட்டு, படத்துக்குக்கூட வலிக்காது. குனியும்போது வாசல் பக்கம் கண் போனது. கேட்டுக்கு வெளியே சின்னம்மா நின்றிருந்தார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் அவரை வாங்க என்றும் சொல்லவில்லை.

கைக்குட்டையைச் சாமியாரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"மாட்டேங்க சாமி. இத வெச்சவங்க தோ வாசல்ல நிக்கறாங்க. எங்கம்மாவ தோள்ல தூக்கினு வந்தவங்க. அவங்க பாக்கும்போதும் தொடைக்க மாட்டேன், பாக்காதப்பவும் தொடைக்க மாட்டேன்."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டு நடந்தார். மாப்பிள்ளை ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அம்மா பின்னாலேயே போய்விட்டார். அன்று இரவு அழுதேன். வீம்புக்காரி அழமாட்டாள் என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

மறுநாள் பூசைக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்கிற நாளை அறிவித்தார்கள், மருத்துவ முகாமை அறிவித்தார்கள். என் பெயர் வரவில்லை. கடைசிப் பாட்டுவரை இருந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தால் படத்துக்கு முன்னால் ஸ்டூல்மேல் சின்னம்மா ஏறி நிற்கிறார். கையில் ஈரத்துணி. என் கல்யாணம் தன்னால் நின்றுபோனதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நானே அழிச்சிடறம்மா. போயி சொல்லு, அழிச்சாச்சின்னு சொல்லு" என்றார். நான் அந்தத் துணியைப் பிடுங்கி வெளியே எறிந்தேன்.

"அது காஞ்சி உதுருது சின்னம்மா. புதுசா வெச்சி வுடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அடுப்படியிலிருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா வந்து ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டார். சின்னம்மா இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். எட்டி வைத்ததில் பொட்டு கோணலாக விழுந்தது. அப்படியே விட்டுவிட்டோம்.