காலிக் கூட்டில் சுண்ணாம்பு

மார்ச் பிறந்துவிட்டால், காலைக் காப்பிக்கு முன்பே ஒட்மார் தெருவில் நிற்பார். தொப்பியைப் பின்னந்தலைக்குத் தள்ளி, கூரை கூரையாகப் பார்த்து, நாரை வந்திருக்கும் கூட்டுக்கு ஒரு விரலை மடக்குவார். எதிர்வீடு வந்ததும் விரல் மடங்காமல் நின்றுவிடும். ஹெர்மினே வீட்டுக் கூடு ஐந்து வருடமாகக் காலி.

ஆஸ்திரியாவின் ருஸ்ட் ஊரில் நாற்பது வருடம் புகைபோக்கி துடைத்தவர். எந்த ஓடு ஆடும், எந்த வீட்டில் சண்டையில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அவருக்குக் கூரையிலிருந்தே தெரியும். அந்தக் காலிக் கூட்டைத் தாங்கும் இரும்பு வளையத்தைப் புகைபோக்கியில் பூட்டியதும் அவர்தான். இப்போது வயது எழுபத்தொன்று. முழங்கால்கள் சத்தம் போடுவதால் ஏணி பக்கமே போகக் கூடாதென்று மகன் சொல்லியிருந்தான்.

ஹெர்மினே தன் வீட்டு முற்றத்தில் திராட்சை மது விற்றாள். ஊர் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்துகொண்டே நடப்பார்கள். நாரை இருக்கிற வீட்டில்தான் நுழைவார்கள். இந்த வசந்தத்திலும் வராவிட்டால் கூட்டைப் பிரித்துவிட்டுச் சூரியத் தகடு மாட்டுவதென்று அவள் மருமகன் முடிவு செய்திருந்தான்.

"ஏம்மா, கூட்டு விளிம்புல கொஞ்சம் சுண்ணாம்பு தெளிச்சு விடேன். எச்சம்னு, ஏற்கெனவே நாரை தங்குன கூடுன்னு நெனச்சு எறங்கிடும். ஊரே பண்றதுதானே?" என்றார் ஒட்மார்.

"ஊரு பண்ணட்டும். ஆப்பிரிக்காவுலேந்து பறந்து வர்ற ஜீவன்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்."

"உன் மதுவ நல்லாருக்குன்னு நான் வருஷக்கணக்கா சொல்லலியா?"

"அப்ப நாளைலேந்து காசு குடுத்துக் குடிங்க!"

அடுத்த ஞாயிறு, தேவாலய மணி அடித்துத் தெரு வெறிச்சோடியதும் ஒட்மார் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். பாதி ஏறியதும் ஒரு முழங்கால் வர மறுத்தது. அதைத் திட்டி, கெஞ்சி, மேலே கூட்டிப்போனார். இறங்கியபோது கூடு மட்டுமல்ல, கால்சட்டையும் வெள்ளை.

ஒன்பதாம் நாள் ஒரு நாரை இறங்கியது. மூன்று நாளில் ஜோடியும் வந்தது. அலகு தட்டும் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. முற்றத்தில் நாற்காலி போதவில்லை. மருமகன் தகட்டைக் கொட்டகை மேல் மாட்டிக்கொண்டான்.

"பாத்தீங்களா, பொய் சொல்லாமலே வந்துருச்சு," என்றாள் ஹெர்மினே.

"நல்லவங்க வீடா பாத்துத்தான் வரும்," என்று ஒட்மார் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்று மடக்கிய விரலை அவர் வெகுநேரம் நிமிர்த்தவில்லை.

நாரைகள் கிளம்பிப்போன பிறகுதான் ஹெர்மினேயின் மகள் ஒட்மாரிடம் சொன்னாள்: அந்த ஞாயிறு அம்மா தேவாலயத்துக்கே போகவில்லை, அவர் தரையில் கால் வைக்கும்வரை, ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தத் தயாராக, சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள்.