பெருநாளை மணல்மேட்டில் கழித்தவர்

வட்டக்கானலில் மழைக்கு ஒதுங்கி டீ குடித்துக்கொண்டிருந்தபோது அனிபா அண்ணனின் மகள் நூர்ஜகானின் அழைப்பு வந்தது. "அத்தா மவுத்தாயிட்டாங்கண்ணே, வெரசா வாங்க," என்றாள். நான் மலையிறங்கிப் பழனி போய்ச் சேர்வதற்குள் அண்ணனின் அடக்கம் முடிந்திருந்தது. முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

பழனிக் கடைவீதியில் அவரிடம் கயிறு வாங்காதவர்கள் உங்களில் குறைவு. மலைச்சரிவில் மண் அரிக்காமலிருக்க விரிக்கும் தேங்காய் நார்ப் பாயை எங்கள் குழுவுக்குக் கொடுத்தவரும் அவர்தான். சரக்கை ஏற்றிவிட்டுக் கல்லாவில் உட்காரும் ரகமில்லை. மப்ளரைச் சுற்றிக்கொண்டு, குளிரைத் திட்டிக்கொண்டே மலைமேல் கவுஞ்சி வரை வந்துவிடுவார். "மெத்தைக்கு உறை போடுற மாதிரி இழுக்காதீங்க தம்பி. மண்ணோட ஒட்டிக் கெடக்கணும்," என்பார். எனக்கு எரிச்சலாக வரும். நீங்களே விரித்துக் காட்டுங்கள் என்றால் இடுப்பு வலி என்பார்.

ராஜஸ்தானில் ஒரு மணல்மேட்டை நிறுத்த எங்களைக் கூப்பிட்டபோது அவரும் கிளம்பிவிட்டார். காற்று அந்த மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, கேசர் என்ற பெண்ணின் வீட்டை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. பின்சுவர் பாதி புதைந்துவிட்டது. காற்று ஏறும் பக்கத்தில் பாயை விரித்து இடையிடையே புல் நட்டால், பாய் மட்குவதற்குள் புல் வேர்பிடித்து மணலை நிறுத்திவிடும்.

மலையில் செய்வதுபோலவே செய்தோம். இங்கே தண்ணீர் மேலிருந்து வருவதால் மேல்விளிம்பைத்தான் ஆழப் புதைப்போம். அங்கே காற்று கீழிருந்து ஏறுகிறது. மறுநாள் அது அடிவிளிம்பில் புகுந்து பாய் மொத்தத்தையும் சுருட்டி எறிந்துவிட்டது. "ஏலே, நம்ம மலைப் புத்தியைக் காட்டிட்டோம்லே!" என்று எங்கள் ஆட்களிடம் சொல்லி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். வாசலில் கேசர் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று மாலை எங்களுக்கு ரயில். நோன்புப் பெருநாள் நெருங்கியிருந்தது. நாங்கள் இருந்து பார்த்துக்கொள்கிறோம், நீங்களாவது போங்கள் என்றேன்.

"பெருநாள் அடுத்த வருசமும் வரும் தம்பி. அந்தப் புள்ள மூட்டையை அவுக்கட்டும், போவோம்."

அடிவிளிம்பை முதலில் புதைத்து, கீழிருந்து மேலாக மறுபடி விரித்தோம். இடுப்பு வலிக்காரர் நோன்போடு குனிந்த தலை நிமிரவில்லை. பெருநாளன்று பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு நேரே மணலுக்கு வந்தார். கேசர் மூட்டையை அவிழ்த்து ஒரு பாத்திரத்தை எடுத்து, அவருக்குச் சேமியா காய்ச்சிக் கொடுத்தாள்.

அடக்கத்தன்று மாலை கேசருக்கு போன் செய்தேன். "நாங்கள் இன்னும் இதே வீட்டில்தான் இருக்கிறோம் என்று அவர் வீட்டில் சொல்லுங்கள்," என்றாள் இந்தியில். நூர்ஜகானிடம் சொன்னேன். அதுவரை வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவள், "அந்தப் பெருநாளைக்கு வரலைன்னு ரொம்ப நாளு அத்தாகிட்ட மொகம் குடுத்துப் பேசலைண்ணே," என்று உடைந்து அழுதாள்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். வேலை முடிந்தது என்று இப்போதெல்லாம் நானாகச் சொல்வதில்லை. போன வாரம் கவுஞ்சியை அடுத்த பூண்டியில், சரிந்த கரையில் பாய் விரித்து முடித்ததும், கீழே குடியிருக்கும் அம்மாவிடம், "இனிப் பயமில்லாமத் தூங்குவீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மழை போகட்டும், சொல்றேன்," என்றார்.

நான் இன்னும் பூண்டியில்தான் இருக்கிறேன்.