கேசட்டில் மிஞ்சிய இடம்

தொண்ணூறுகளின் நடுவில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு அருகே, கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். கேட்ட சினிமாப் பாட்டுகளைப் பதிந்தபின் கேசட்டில் இடம் மிஞ்சினால், யாருக்கும் தெரியாத குழுக்களின் பாட்டு ஒன்றைச் சேர்த்துவிடுவேன். எனக்குப் பிடித்ததை இன்னும் நாலு பேர் கேட்கட்டும் என்ற ஆசைதான்.

அப்படித்தான் கீழ்பென்னாத்தூர் டீச்சர் ஒருவரின் கேசட்டில், புதுச்சேரிப் பையன்கள் நால்வர் சொந்தமாக எழுதிப் பாடிய பாட்டைச் சேர்த்தேன். மறுநாளே அவர் கடைக்கு வந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"கடைசிப் பாட்டு பாடறது யாருங்க?"

"நல்லா இருக்குதா டீச்சர்? புதுசா ஒரு குழு..."

"அது எங்க தம்பி குரலுங்க. வீட்ட விட்டுப் போயி அஞ்சு வருஷம் ஆவுது. உயிரோட இல்லன்னே நெனச்சிட்டோம்."

அந்தக் குரலை மாதக்கணக்கில் கடையில் போட்டுக் கேட்டு, வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். அதே குரலுக்காக ஒரு வீடு அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அந்தக் குழுவின் கேசட் அட்டையில் இருந்த முகவரியைக் காட்டினேன். அதை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார்.

"பார்த்துட்டேங்க. ரொம்ப இளைச்சிட்டான். வீட்டுக்கு மட்டும் வரமாட்டானாம்" என்றவர், அதே கேசட்டை என்னிடம் நீட்டினார்.

"சினிமாப் பாட்டெல்லாம் அழிச்சிடுங்க. முழுசா அவன் பாட்டே போட்டுக் குடுங்க."