கப்பல் சமையல்காரனின் மனைவிக்குத் தெரியுமா?

எங்கள் மாவு மில்லில் மோட்டார் ஓடும்போது யாரும் யாரிடமும் பேச முடியாது. அது எனக்கு வசதி. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே வாய் உலர்ந்துவிடும். குன்னம் வட்டாரத்திலிருந்து டின்னும் பையுமாக வருகிறவர்களிடம் நான் கேட்பது, "நைஸாவா, ரவையாவா?" என்ற ஒரே கேள்விதான். பல சமயம் அதையும் இரண்டு விரலை உரசிக் காட்டியே கேட்டுவிடுவேன்.

கூட்டமில்லாத நேரத்தில் படிப்பேன். சில மாதங்களுக்கு முன் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், தரையில் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்பவரிடம் ஒரு நாவல் வாங்கினேன். அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. அதனால் அதன் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்க்கிற ஒருவனின் கதை. கேப்டனுக்கு அடுத்த இடத்தில் இருப்பதாக ஊரிலிருக்கும் மனைவிக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறான். நான் கடலைப் பார்த்ததே வாழ்க்கையில் இரண்டு முறைதான். ஆனாலும் அந்தக் கப்பலை விட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. மிளகாய் அரைத்துக்கொண்டிருக்கும்போதுகூட அவன் அடுத்து என்ன புளுகுவான் என்றுதான் யோசனை ஓடும்.

இதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. என் வீட்டுக்காரருக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு வேலை. "கப்பல் கரை சேந்துச்சா?" என்று கேட்பார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் குறட்டை வந்துவிடும்.

மில் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. காலையில் அரிசி, கோதுமை, மதியத்துக்குமேல் மிளகாய், மல்லி என்று எழுதியிருப்போம். ஒருநாள் யாரும் இல்லாதபோது அதன் அடியில் எழுதினேன்: "இப்போது படிப்பது கப்பல் சமையல்காரன் கதை. எண்பது பக்கம் ஆகிவிட்டது. ரொம்ப நன்றாக இருக்கிறது." எழுதிய கையோடு அழித்துவிடலாம் என்று துணியை எடுத்தேன். அதற்குள் ஒருவர் கோதுமை டின்னோடு வந்துவிட்டார்.

மறுநாள் அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் ஒரு வரி: "துப்பறியும் கதை. கொலைகாரன் யார்னு நாப்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடிச்சாச்சு." இது யாரென்று எனக்கு உடனே தெரிந்தது. ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர் வருவார். தன் டின் வரிசையில் எத்தனையாவது என்று எண்ணிக்கொண்டே நிற்பவர். அடுத்த நாள் இன்னொன்று: "கவர்மெண்ட் பரீட்சை கைடு. பிடிக்கல. வேற வழியில்ல." பரீட்சைக்குப் படிக்கும் கல்லூரிப் பெண் எழுதியது. அரைத்த மல்லித்தூளைக் கொட்டும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூக்கில் ஏறித் தும்மி, கண்ணெல்லாம் தண்ணீர்.

நான்காவது நாள்தான் அந்த வரி வந்தது: "கப்பக்காரன் பொண்டாட்டிக்கு எல்லாம் தெரியும்."

என் புத்தகத்தை வேறு யாரோ படிக்கிறார்கள்! அரைக்கும்போது அதை ஜன்னல் கட்டையில் வைப்பது வழக்கம். காத்திருக்கிற யாரோ எடுத்துப் படிக்கிறார்கள் என்று புரிந்தது. ஆனால் யார்? நானோ மெஷினுக்கு முன்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பவள். "தெரியாது. தெரிந்தால் ஏன் கேட்கவில்லை?" என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் இருந்தது: "கேட்டா கடுதாசி நின்னு போவும்."

அன்று முழுக்க அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இருநூறு பக்கம் படித்தும் எனக்குத் தோன்றாத விஷயம் அது. எழுதியவரைக் கண்டுபிடிக்க, வருகிறவர்களின் விரல்களில் சாக்பீஸ் தூள் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். மாவு மில்லில் யார் கைதான் வெள்ளையாக இல்லை?

போன மாதம் ஒரு பிற்பகல். கண்டக்டரின் கோதுமை பாதி அரைத்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. பெல்ட் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. மில்லுக்குள் அப்படி ஒரு அமைதி. உள்ளே ஐந்தாறு பேர். எல்லாரும் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது.

"ஏம்மா, போர்டுல கப்பல் கதைன்னு எழுதுறது நீதானே? என்னதான் கதை அது? சும்மா குந்தியிருக்கிற நேரத்துக்குச் சொல்லேன்" என்றார் கண்டக்டர்.

"அய்யோ, எனக்குச் சொல்ல வராது சார்."

"சொல்லுங்கக்கா" என்றாள் பரீட்சைப் பெண். "கைடு படிச்சுப் படிச்சு செத்துட்டேன்."

எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். சொல்லச் சொல்ல ஆட்கள் எதிரே இருப்பதே மறந்துவிட்டது. கேப்டன் தொப்பியை அவன் இரவல் வாங்கிப் போட்டோ எடுத்து அனுப்பும் இடத்தில் கண்டக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தத் தைரியத்தில், "பாவம், அந்தப் பொண்டாட்டி இன்ன வரைக்கும் நம்புறா" என்று முடித்தேன்.

"அதெப்படி நம்புவா?"

மூலையிலிருந்து வந்தது குரல். மாட்டுக்குக் குருணை உடைக்க மக்காச்சோளம் கொண்டுவரும் பெண். என் வயதுதான் இருக்கும். வெங்காயம் பயிர் செய்கிற வீடு.

"மூணாவது கடுதாசியில என்னா எழுதுறான்? மூட்டையில காத்துப் போவாம வெங்காயம் வேர்த்து அழுவிப்போச்சு, ஒன்னொன்னா பொறுக்குனேன், கண்ணு எரியுதுன்னு எழுதுறான். கேப்டனுக்கு அடுத்த ஆளு குந்திக்கிட்டு வெங்காயம் பொறுக்குவானா? அவளும் காட்டு வேலை செய்யறவதானே. படிச்ச ஒடனே தெரிஞ்சிருக்கும்."

அந்தக் கடிதத்தை நானும் படித்தவள்தான். வெங்காயம் அழுகியது கப்பலுக்கு நஷ்டம் என்று மட்டும் நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன்.

"நீங்கதானா!" என்றேன். கத்திவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "இதப் படிக்கத்தான் ரெண்டு ரெண்டு கிலோவா கொண்டாரேன். ஒரே மூட்டையா கொண்டாந்தா ஒரு தடவைதானே குந்த முடியும்? ரெண்டு நாளா ஜன்னல்ல புத்தகத்தக் காணுமே, எங்கங்க?"

சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்ற ஆசையில் கடைசிப் பன்னிரண்டு பக்கத்தைப் படிக்காமல், புத்தகத்தைப் பைக்குள் பதுக்கி வைத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

"கடைசியில அவ கேப்பாளா, மாட்டாளா? அது எனக்குத் தெரிஞ்சாவணும்" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, "எங்க வூட்டுக்காரரும் துபாயில ஆபீஸ் வேலைன்னுதான் சொல்றாரு. ஏழு வருசமாச்சு. வீடியோ கால்ல வர்றப்ப பின்னாடி தெரியிற செவுரப் பாத்தா தெரியாதா நமக்கு? நானும் கேக்கல" என்றார்.

கண்டக்டர் என் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டி, "படிம்மா, சத்தமா படி" என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டுப் படித்தது அன்றுதான். கப்பல்காரன் ஊருக்கு வருகிறான். மனைவி ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு பக்கம் தாண்டியது, இரண்டு பக்கம் தாண்டியது, கேட்கவில்லை. நடுவில் கரண்ட் வந்து லைட் எரிந்தது. பாதியில் நின்ற தன் கோதுமையைக் கண்டக்டர் கேட்கவே இல்லை. நானும் ஸ்டார்ட்டர் பக்கம் போகவில்லை. கடைசிப் பக்கத்தில் அவள் ஒரு முறம் வெங்காயத்தையும் அரிவாள்மனையையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைக்கிறாள். "நீங்களே அரிஞ்சிடுங்க. உங்களுக்குத்தான் கை பழகியிருக்கும்" என்கிறாள். அவன் அரிய ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான் கதை.

"அடியாத்தி!" என்றார் மக்காச்சோளக்காரப் பெண். சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். "கேக்காமலே கேட்டுட்டா பாருங்க!"

"இந்தப் பொம்பளகிட்ட என் கொலைகாரன் பிச்சை வாங்கணும்" என்றார் கண்டக்டர்.

மோட்டாரைப் போட்டேன். பழைய இரைச்சல். அந்தப் பெண் தன் இரண்டு கிலோவோடு எனக்குப் பக்கத்தில் வந்து, காதருகே வாயை வைத்துக் கத்தினார்: "இந்தப் புத்தகத்த எனக்குத் தருவீங்களா? அவரு அடுத்த மாசம் லீவுல வர்றாரு. குடுத்துப் பாக்கப்போறேன்!"

"அவர் படிப்பாராங்க?" நானும் கத்தினேன். என் குரல் மோட்டாரைத் தாண்டிக் கேட்டது எனக்கே ஆச்சரியம்.

"எங்கங்க! எல்லாம் எதுக்குப் படிக்கணும்? அந்த மூணாவது கடுதாசி வெங்காயம் வரைக்கும் படிச்சாப் போதும்!"