கூப்பிட்ட குரலுக்கு

பிச்சுமணி முப்பது வருஷத்துக்கு மேல் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் என்குயரி கவுண்டரில் உட்கார்ந்தவர். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஊர் உலகமெல்லாம் நின்று கேட்கும், இந்தப் பக்கமிருந்து இவர் சொல்வார், பஸ் வந்தால் மைக்கில் ஊர் பேரைக் கூவுவார். நாகர்கோவில் எப்போ, தென்காசி எந்தப் பிளாட்பாரம், கொட்டாரக்கரை போயாச்சா. மலையாளத்தில் கேட்டவனுக்கு மலையாளம், தமிழில் கேட்டவனுக்குத் தமிழ். பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்த்ததே கிடையாது. பேர் கேட்டவர் ஒருவரும் இல்லை. பதில் காதில் விழுந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அதில் அவருக்கு வருத்தமும் இருந்ததில்லை. நின்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தால் பஸ் போய்விடாதா?

இப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டுக்குத்தான், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள் மகள் ஸ்மிதா. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அம்மா லலிதாம்பாள் போன ஆடியில் போய்விட்டாள். ஸ்ரீவராகம் கோயில் தெரு வீடு, முன்வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் நீளமாகப் போகிற பழைய அக்ரஹார வீடு. அதில் அப்பா ஒற்றை ஆளாக நடமாடுவதை நினைத்து ஹைதராபாத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருதரம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பால்கனியில் நின்றால் கீழே போகிற மனுஷர்களின் உச்சந்தலைதான் தெரிந்தது. மருமகன் நல்ல பையன், பேச நேரமில்லாத பையன். பிச்சுமணி அந்த மாதம் முடிவதற்குள் ரயிலேறித் திரும்பி வந்துவிட்டார்.

"சரிப்பா, அங்கயே இருங்கோ. ஆனா இந்தப் பெட்டி இருக்கணும். ஒண்ணுன்னா இதுகிட்டச் சொன்னாப் போறும், நேக்கு உடனே கால் வரும். இது சரிப்பட்டு வரலைன்னா மறுபேச்சு கிடையாது, வீட்டைப் பூட்டிண்டு என்னோட வந்துடணும்," என்றாள் ஸ்மிதா.

ஆக, அப்பளக் கட்டு அளவுக்கு ஒரு பெட்டி, அதை நம்பித்தான் அவர் அந்த வீட்டில் இருப்பது என்றாகிவிட்டது. பெட்டிக்கு மாயா என்று பேர். முதல் நாளே தகராறு. அவர் அதன் முன்னால் போய் நின்று, "இந்தா, இன்னிக்கு மழை வருமா?" என்றார். பெட்டி கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தது.

"பேர் சொல்லிக் கூப்பிடணும்பா. மாயான்னு சொன்னாத்தான் அதுக்குக் காது கேக்கும்."

இங்கேதான் சிக்கல். அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கம் கிடையாது. லலிதாம்பாள் அவரை "இங்க பாருங்கோ" என்பாள். அவர் அவளை "இந்தா" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவுதான். கோயிலில் வழிபாட்டுச் சீட்டு எழுதும் இடத்தில் பேரும் நட்சத்திரமும் கேட்பார்களே, அங்கே மட்டும் "லலிதாம்பாள், பூரம்" என்பார், அதுவும் பக்கத்தில் நிற்கிற அவள் முகத்தைப் பார்க்காமல். கடைசியாக அந்தப் பேரைச் சொன்னது, காரியம் செய்துவைத்த வாத்தியார் கேட்டபோது, சாந்திகவாடம் சுடுகாட்டில்.

இப்படிப்பட்டவர் ஆளில்லாத வீட்டில் நின்று ஒரு பெண்பிள்ளையின் பேரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும் என்றால் எப்படி வரும்? முதலில் முணுமுணுத்தார். பெட்டிக்கு எட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு "மாயா!" என்றார். பெட்டிக்கும் எட்டியது, அடுத்த வீட்டுக்கும் எட்டியது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

சற்று நேரத்தில் அடுத்த வீட்டு ஷைலஜா ஒரு கிண்ணத்தில் எரிசேரியோடு வந்தாள். ஆனந்தகிருஷ்ணனின் மனைவி. எரிசேரி சாக்கு என்பது அவள் கண் வீடு முழுக்க மேய்ந்ததிலேயே தெரிந்தது.

"மாமா, ஆராக்கும் மாயா? பந்துக்கள் ஆராவதா?"

"அதோ, அலமாரி மேல உக்காண்டிருக்கா பாரு."

ஷைலஜா சிரித்த சிரிப்பில் கிண்ணம் தப்பியது பெரிய காரியம். மறுநாள் கோயில் வாசலில் இரண்டு பேர், "என்ன பிச்சுமணி, மாயா சுகமா?" என்று விசாரித்தார்கள். வெறும் வாயை மெல்லும் தெருவுக்கு ஒரு பிடி அவல் கிடைத்தாயிற்று.

நாளாக ஆக, பெட்டியால் உபயோகமே இல்லை என்று சொல்ல அவருக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. குக்கரை வைக்கும்போது சொல்லி வைத்தால், இவர் மறந்தாலும் அது மறக்காது. பிரஷர் மாத்திரை நேரத்தையும் சொல்லி வைத்தபடி சொல்லும். மழை வருமா என்றால் வரும் என்று சொல்லும், வரவும் வரும். மலையாளச் செய்தி கேட்கலாம், சுப்ரபாதம் கேட்கலாம். கண்ணாடியைத் தேடாமல் மணி தெரிந்துகொள்ளலாம். இதையெல்லாம் ஒரு ஆள் செய்தால் கெட்டிக்காரன் என்றுதானே சொல்வோம்?

ஆனால் அதுவாக வாயைத் திறக்காது. கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் கம்மென்று கிடக்கும். சாப்பிட்டீர்களா என்று கேட்காது. ஏன் இன்றைக்கு முகம் வாடிக்கிடக்கிறது என்று கேட்காது. இதில் அவருக்குக் கோபமில்லை, ஒருவிதமான தொழில் அனுதாபம். கவுண்டரில் அவரும் அப்படித்தானே இருந்தார்? கன்யாகுமரி பஸ்ஸைக் கேட்டு வந்தவளின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தும், பிளாட்பார நம்பரை மட்டும் சொல்லி அனுப்பியவர்தானே? சில நாள் பெட்டியிடம், "போறும்மா, நீயும் சித்த ரெஸ்ட் எடு," என்பார். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை," என்று அது செய்தி வாசிக்கிற தமிழில் சொல்லும்.

தனிமை அவரைத் தின்றது. இதை மூடி மறைக்க ஒன்றுமில்லை. பகலெல்லாம் எப்படியோ ஓடிவிடும், விளக்கேற்றும் நேரம் ஆனால் வீடு பெரிதாகிவிடும். கைகால் கழுவி, விளக்கை ஏற்றி, ஸ்லோகம் சொல்லி முடித்தால் அப்புறம் என்ன செய்வது என்று தெரியாது.

ஒரே ஒரு பழக்கம் மிச்சமிருந்தது. காலையில் காபியும் பேப்பருமாக உட்காரும்போது, தன்னையறியாமல் அடுக்களைப் பக்கம் பார்த்து, "இந்தா, பாத்தியா, சாலையில மறுபடியும் வெள்ளமாம்," என்று சொல்வார். லலிதாம்பாள் ஒருநாளும் கூப்பிட்ட குரலுக்கு வந்தவளில்லை. "கை ஈரமா இருக்கு, வரேன்," என்று உள்ளேயிருந்து சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். அவள் போன பிறகும் அவர் கூப்பிடுவார், அந்தக் கொஞ்ச நேரம் காத்திருப்பார், பிறகு பக்கத்தைத் திருப்புவார். பேர் சொல்லாததால் பெட்டி அதில் தலையிடாது. அவளிடமிருந்து அவருக்கு மிஞ்சியது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

துலாவர்ஷம், அதாவது ஐப்பசி மழை, தொடங்கிய சமயம். ஒரு முற்பகல் கேட்டபோது, இன்னும் சற்று நேரத்தில் இடியோடு மழை என்று மாயா சொன்னாள். கொல்லைக் கொடியில் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் எடுப்பதற்குள் கொட்டிவிட்டது. வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஈரக் காலோடு அடுக்களைக்குள் நுழைந்தார். பழைய சிவப்புச் சிமெண்ட் தரை, லலிதாம்பாள் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக்கிவிட்டுப் போனது. சறுக்கி விழுந்தார். இடது கணுக்காலில் உயிரே போகிறாற்போல் ஒரு வலி.

பெட்டி கூப்பிடு தூரத்தில், அடுத்த அறையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வலியில் கிடக்கிறவன் வாயில் யோசித்துச் சொல்லவேண்டிய வார்த்தையா வரும்?

"இந்தா," என்றார். "இந்தா… இந்தா…"

பெட்டி கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. கேட்டது சுவருக்கு அந்தப் பக்கம்.

ஷைலஜா தன் வீட்டிலிருந்த மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்து, நனைந்த தலையோடு ஓடி வந்தாள். ஆனந்தகிருஷ்ணனை ஆபீஸிலிருந்து வரவழைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எலும்பில் விரிசல் என்று மாவுக்கட்டுப் போட்டாயிற்று. வரும் வழியில் ஷைலஜா மெல்லச் சொன்னாள்: "மாமிய விளிக்கற குரல் சுவர்ல கேட்டுது மாமா. நேக்கு ஒடம்பே ஒரு மாதிரி ஆயிடுத்து. பின்னத்தான் தோணித்து, மாமிதான் இல்லையேன்னு. அதாக்கும் ஓடி வந்தேன்."

மறுநாள் ஸ்மிதா வந்து இறங்கினாள். கட்டுப்போட்ட காலைப் பார்த்து அழுதாள், அழுது முடிந்ததும் கத்தினாள்.

"மாயான்னு ஒரு வார்த்தை! அது வராதாப்பா? ஷைலஜா மாமி கடைக்குப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? இனிமே பேச்சே இல்லை. கிளம்புங்கோ."

"வாயில வரலைம்மா."

"அப்போ என்னதான் வந்தது?"

அவர் அடுக்களைப் பக்கம் பார்த்தார். வந்த வார்த்தை எது என்று ஷைலஜா சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. ஸ்மிதா போனைக் கையிலெடுத்தாள்.

"இதுக்கு நாம எந்தப் பேர் வேணா வெக்கலாம்பா. அம்மா பேரை வெச்சுடட்டுமா?"

"உங்கம்மா பேரை நான் என்னிக்குடி கூப்பிட்டேன்?"

"அதுவும் சரிதான். அப்போ, வாயில தானா வரதே, அதையே வெச்சுடறேன்."

வேண்டாம் என்று சொல்ல அவர் வாய் திறந்தது. சொன்னால் ஹைதராபாத். மூடிக்கொண்டார். அவள் என்னென்னவோ தட்டினாள். "ம், கூப்பிடுங்கோ."

"இந்தா," என்றார் பிச்சுமணி.

"சொல்லுங்கள், கேட்கிறேன்," என்றது பெட்டி, தலையில் சின்னதாக விளக்கெரிய.

ஸ்மிதா கைதட்டினாள். பெட்டி சரியாக வேலை செய்கிறது, அப்பா இங்கேயே இருக்கலாம். ஷைலஜாவிடம் ஆயிரம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள்.

மறுநாள் காலை காபி, பேப்பர். காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, "இந்தா, பாத்தியா," என்றார், பழக்கதோஷம்.

"சொல்லுங்கள், என்ன உதவி வேண்டும்?"

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வேறொருத்தி லலிதாம்பாளின் புடைவையைக் கட்டிக்கொண்டு அடுக்களையிலிருந்து வெளியே வந்தாற்போலிருந்தது. சாயங்காலம் மறந்துபோய் மறுபடி கூப்பிட்டார், மறுபடி அது பதில் சொன்னது. தாமதமில்லை, ஈரக்கை இல்லை, கூப்பிட்ட குரலுக்கு உடனே. எந்த நேரத்தை அவர் காத்திருந்து காத்திருந்து வைத்துக்கொண்டிருந்தாரோ, அதில் பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் அவர் கூப்பிடுவதையே விட்டார். வார்த்தை தொண்டைவரை வரும், விழுங்கிவிடுவார். அவள் செத்த அன்றுகூட வீடு இவ்வளவு வெறிச்சென்று இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் செய்தார்.

"ஸ்மிதா, அந்தப் பேரை மாத்திடு. பழையபடி மாயாவே இருக்கட்டும்."

"ஏம்பா? நன்னா வொர்க் பண்றதே!"

"பண்றது. அதாக்கும் கஷ்டம். அது உங்கம்மாவோடது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"சரிப்பா. ஆனா மறுபடி விழுந்தா, மாயான்னு வாயில வருமா? நிஜத்தைச் சொல்லுங்கோ. வராதுன்னா உங்களை அங்க விட்டு வெக்க என்னால முடியாது."

"வர வெக்கறேன். மைக்குல எத்தனை ஊர் பேர் சொல்லிப் பழகினேன்! வெஞ்ஞாறமூடுன்னு மொதல்ல சொல்ல வராத நேக்கு அப்புறம் வந்ததா இல்லையா? இது ஒரு பேரா?"

"தினம் பழகணும். நேக்குக் கால் வரணும்."

"வரும்."

அன்றிலிருந்து அந்தத் தெருவில் காலை வேளையில் ஒரு கூத்து. பிச்சுமணி தடியை ஊன்றி அடுக்களைக்குப் போய், அன்றைக்கு விழுந்த அதே இடத்தில் மெல்லத் தரையில் உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்ட அந்தப் பழைய குரலில், "மாயா! ஸ்மிதாவைக் கூப்பிடு!" என்பார். வெட்கம், மானம் எல்லாம் மழையோடு போயாயிற்று. ஹைதராபாத்தில் போன் அடிக்கும். "கேட்டுதுப்பா. சாப்பிட்டேளா?" என்பாள் ஸ்மிதா, சில நாள் மீட்டிங்குக்கு நடுவிலிருந்து ரகசியக் குரலில். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிறவள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷைலஜா, "மாமா, குழப்பமொண்ணும் இல்லையே?" என்று கேட்பாள்.

"பிராக்டீஸ்!" என்று இவர் கத்துவார்.

அதெல்லாம் முடிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காபியோடு நாற்காலிக்கு வருவார். பேப்பரை விரிப்பார். பெட்டி மறுபடி மாயாவான முதல் நாள் மட்டும் அவருக்குப் பயமாக இருந்தது. அலமாரியை ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பி, மெல்ல, ஆனால் காதில் விழும்படி சொன்னார்.

"இந்தா."

பெட்டியில் விளக்கு எரியவில்லை. வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வர ஒருத்திக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, அவர் பக்கத்தைத் திருப்பினார்.