டீசல் டப்பா எண்ணூர் போன காலை

பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி கழுவுவது என் வேலை. பள்ளிக்கூடத்துக்குள் நான் போனதெல்லாம் ஓட்டுப் போட மட்டும்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கவே கல்யாணத்துக்கு அப்புறம் பெண்டாட்டியிடம்தான் கற்றுக்கொண்டேன். நான் சொல்லப்போவது அதற்கு முந்தைய கதை.

யார்டுக்கு வரும் வண்டிகளில் யாருக்குமே பிடிக்காத ஒன்று இருந்தது. டீசலில் ஓடும் மலிவு வண்டி. சீட்டு பலகை மாதிரி இருக்கும். இஞ்சின் உறுமினால் ஜன்னல் ஆடும், பல் ஆடும், நேற்றுத் தின்றதும் ஆடும். தலைக்கு மேல் கரண்ட் கம்பி இல்லாத ஊர்ப்பக்கத்துப் பாதைகள்தான் அதற்கு. எங்கள் எண்ணூர்ப் பாதையில் கம்பியும் கரண்ட் வண்டியும் இருந்ததால் அது அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதற்கு டப்பா என்று பேர் வைத்தவனே நான்தான்.

போர்டு படிக்கத் தெரியாததால், டப்பா எங்கே போய் வந்தது என்பதைக் குப்பையை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். படிக்கட்டில் செம்மண் இருந்தால் செங்கல் சூளைப் பக்கம். சீட்டுக்கு அடியில் மல்லிக் காம்பு கிடந்தால் பூ மூட்டை ஏறுகிற ஊர். வைக்கோல் கிடந்தால் அறுப்பு நடக்கிற இடம்.

கூட வேலை செய்த பெரியவர் ஒரு தடவை கேட்டார். "இன்னாடா, மோந்து மோந்து பாக்கறே. நீ இன்னா போலீஸ் நாயா?"

"ஆமா நைனா. சம்பளந்தான் நாய்க்கு ஜாஸ்தி."

இந்த வாய்தான் என்னைக் கெடுத்தது. எண்ணூரில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சியின் புருஷன் விடும் குறட்டையை, ஒரு விசேஷ வீட்டில் மைக்கைப் பிடித்து, அப்படியே விட்டுக் காட்டினேன். ஊரே சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. ஒரு வருஷம் என்னோடு பேச்சில்லை. அப்புறம் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு அண்ணன்தான் ஞானத்தகப்பன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மச்சான் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். பத்து மணிக்கு மாதா கோயில் மணி அடிக்கும்போது நான் அங்கே இல்லையென்றால், அவர் தம்பி அந்த இடத்தில் நிற்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கொருக்குப்பேட்டை ஸ்டேஷனுக்கு வந்தால் பிளாட்பாரம் பூராவும் கூட்டம். முந்தின நாள் அடித்த காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் கம்பி அறுந்திருந்தது. ஸ்டேஷன் மைக்கும் செத்திருந்தது. எல்லாரும் மேலே கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் பக்கத்து ஜனம் அப்படித்தான், தண்டவாளத்தைப் பார்க்காது. கூட்டத்தில் வெள்ளைச் சட்டையோடு ஒருவன். மச்சானின் தம்பி.

தங்கச்சி போன் பண்ணினாள். "ண்ணா, எங்க கீறே? இவரு வாசல்லயே நின்னுகினு கீறாரு."

"வந்துகினே கீறேன்மா," என்றேன். நின்ற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து புகை விட்டுக்கொண்டு டப்பா வந்தது. முக்கால்வாசி காலி. ஒருத்தரும் ஏறவில்லை.

"டேய் தம்பி, வா, ஏறலாம்," என்று அவனைக் கூப்பிட்டேன். எனக்குப் போட்டியாள்தான். இருந்தாலும் தனியாகத் தப்பு வண்டியில் ஏற பயம்.

அவன் போர்டைப் படித்தான். "மாமு, அதுல வேற ஊரு பேரு போட்டுகீது. எண்ணூரு போவாது. பட்சவன் சொல்றேன், கேளு."

பயந்து போய்ப் படிக்கட்டைப் பார்த்தேன். செம்மண் இல்லை. சாம்பல் கலந்த ஈரச் சேறு, செருப்புத் தடத்தோடு. வாசல் ஓரத்தில் மீன் செதில் மின்னியது. அது எண்ணூர் அனல் மின்நிலையத்துச் சாம்பல், தங்கச்சி வீட்டு வாசலில் மிதித்திருக்கிறேன். கரண்ட் வண்டிக்குப் பதிலாக விடிகாலையில் இந்த வண்டிதான் எண்ணூர் மீன்காரம்மாக்களை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. போர்டைத்தான் யாரும் மாற்றவில்லை.

"போர்டு கெடக்குது, ஏறுடா," என்றேன். அவன் கம்பியைப் பார்க்கத் திரும்பிவிட்டான். நான் ஏறினேன்.

ஏறின பிறகுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. கொஞ்ச தூரத்தில் ஹார்பர் பக்கம் திரும்பும் தண்டவாளம் ஒன்று உண்டு. அங்கே திரும்பினால் ஞானத்தகப்பன் கன்டெய்னர் நடுவில் நிற்க வேண்டியதுதான். இஞ்சின் சத்தத்தில் பக்கத்து ஆளிடம் கேட்கவும் முடியவில்லை. தண்டவாளம் பிரியும் இடத்தில் டப்பா ஒரு குலுக்கு குலுக்கியது. திரும்பவில்லை. திருவொற்றியூர் வந்தது. மேலே அறுந்த கம்பி தொங்கிக்கொண்டிருக்க, பக்கத்து லைன் நெடுக கரண்ட் வண்டிகள் செத்த பாம்பு மாதிரி கிடந்தன. யாரிடமும் கரண்ட் கேட்காமல், தன் வயிற்று நெருப்பில் தானே ஓடியது டப்பா. ஐந்து வருஷம் அதன் முதுகு தேய்த்தவன் நான். அதற்கு இவ்வளவு ரோஷம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சீட்டைத் தடவிக் கொடுத்தேன். கையில் பிசுக்கு ஒட்டியது. முந்தின நாள் நான் ஒழுங்காகக் கழுவாத சீட்டு.

எண்ணூரில் குதித்து ஓடினேன். நான் கோயில் படி ஏறும்போது மணி அடிக்க ஆரம்பித்தது. மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார். மெழுகுவத்தியைக் கையில் கொடுத்தார். தங்கச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்டார். என் காதுக்குள் இன்னும் டப்பா ஓடிக்கொண்டிருந்தது. "விட்டுவிடுகிறேன்," என்று நான் கத்திய கத்தலில் குழந்தை வீறிட்டது. கூரையில் இருந்த புறா எல்லாம் பறந்தது.

மச்சானின் தோள் குலுங்கியது. கோபம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாமல் நிற்கிறார்.

"மெதுவா சொல்லு மச்சான். சாத்தான் பக்கத்துலதான் கீறான்," என்று என் காதோடு சொன்னார். அழுகிற பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.